லேகியக் காப்பு

இல்ல, லேகியம் கொண்டாரல. கையப் பாரு, வெறுங்கை. டப்பாவும் இல்ல, கூடையும் இல்ல. மொதல்ல அந்த மணி அடிக்கிறத நிறுத்து சின்னையா. நிறுத்துன்னா நிறுத்தணும். பிரிக்பீல்ஸ்லேருந்து மொத ரயிலப் புடிச்சு, உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே கிள்ளானுக்கு வந்திருக்கேன். உன் மணிச்சத்தம் கேக்க வரல.

ஆமா, கோவந்தான். கொஞ்சநஞ்சக் கோவமில்ல. பாசாருல நாலு பேரு பாக்குறாங்கன்னா பாக்கட்டும். இந்தாம்மா, நீ அந்த டப்பாவக் கீழ வெச்சிட்டுப் போ, இன்னிக்கு வியாபாரம் இல்ல. போம்மா, லேகியம் எங்கயும் ஓடிப்போயிராது. இந்தாளு கொஞ்ச நேரத்துல என்கூட ரயிலேறப் போறாரு. ஏன் முழிக்கிற? உன்னத்தான் சொல்றேன். பன்னெண்டு மணி ரயிலுக்கு நீ என்கூட வர்ற. வந்து, நீ கட்டுன காப்ப உன் கையாலேயே அவுக்குற. ஒரு ஆளு உசிரு அதுல தொங்குது.

வீரம்மாக்கா வீரம்மாக்கான்னு கொஞ்சாத. எனக்கு அது புடிக்காது.

அய்யாவு ஞாபகம் இருக்கா? ரயில்ரோட்டுல சிலிப்பர் கட்டை மாத்துற கேங்கு ஆளு, லெட்சுமி புருசன். என் வீட்டுக்கு மூணாவது கதவு. போன மாசம் நீ லேகியம் எடுக்க வந்த அன்னிக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன். வந்தவன் சும்மா உக்காந்திருக்காம அவன் வீட்டு வாசல்ல கடைய விரிச்சிட்ட. அவன் அசதியா இருக்கு, சம்மட்டியத் தூக்குனா கை நடுங்குதுன்னிருக்கான். நீ கண்ண மூடி என்னத்தையோ மொணமொணன்னு மந்திரஞ் சொல்லி, மஞ்சக் கயித்த எடுத்து வலது கையில காப்புக் கட்டி, நாப்பத்தெட்டு நாளு பத்தியம்னுட்டு வந்திருக்க. சொன்னியா இல்லியா? புளி கூடாது, கருவாடு கூடாது, கள்ளு கூடாது. சரி, கள்ளு கூடாதுன்னதுக்கு லெட்சுமி உன்னக் கையெடுத்துக் கும்புட்டா. அதோட வாய மூடியிருக்கலாம்ல? இங்கிலீசு மருந்து கூடாது, காய்ச்சலுக்குக் குடுக்குற கொய்னா கண்ணுலகூடப் படக்கூடாதுன்னு ஏன்டா சொன்ன?

நானும் அந்தக் கயித்தப் பாத்தேன். பாக்காம என்ன. மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு கட்டியிருக்கான் போலன்னு இருந்துட்டேன். கேட்டிருக்கணும். கேக்கல. அது என் புத்திகெட்ட வேல.

இப்ப கேளு. மேல காட்டுப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரயில்ரோட்ட மூடிக்கிச்சுன்னு கேங்க மொத்தமா கொண்டுபோயி பத்து நாளு கூடாரத்துல போட்டாங்க. மழை வேற. கொசு ஒவ்வொண்ணும் ஈ தண்டி இருந்துச்சாம். திரும்பி வந்த நாலாம் நாளு ஆரம்பிச்சிருச்சு, மொறக்காய்ச்சல். ஒரு நாளு விட்டு ஒரு நாளு. குளிரு வந்துச்சுன்னா மூணு கம்பளி போத்தி, லெட்சுமி மேல ஏறி அமுக்கிப் புடிச்சாலும் கட்டிலு கடகடன்னு ஆடுது. அப்புறம் காந்தல். அப்புறம் வேர்த்து ஊத்தி பாயெல்லாம் நனைஞ்சு போயி, பேச்சு மூச்சில்லாம கெடக்குறான். கண்ணு மஞ்சப் பூத்திருச்சு. நாளைக்கு மறுபடி காய்ச்ச நாளு.

மருந்தா? மருந்து வீடு தேடி வருதுய்யா! ஆசுபத்திரியில மருந்து குடுக்குற ராதாகிருஷ்ணன் டிரெசர், பாவம், சைக்கிள்ல வந்து மாத்திரையக் கையில வெக்கிறாரு. இவரு மரியாதையா வாங்கி வாயில போட்டு, தண்ணியும் குடிச்சு, டிரெசரு படி எறங்குற வரைக்கும் கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து, சன்னல் வழியாத் துப்பிடுறாரு. சன்னலுக்குக் கீழ வாழையடியில வெள்ள வெள்ளையாக் கெடக்கு. காலையில கூட்டப் போன லெட்சுமி அதப் பாத்துட்டு, கூட்டுன வெளக்கமாத்தோட என்கிட்ட ஓடியாந்தா. டிரெசரு நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? இன்னும் ரெண்டு காய்ச்சலு வந்தா அவன் மாத்திரைய முழுங்குற நெலமையில இருக்க மாட்டாம்மான்னாரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல.

அந்தக் கயித்த நான் வெட்டிப் பாக்காமயா இருப்பேன்? பாக்குவெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனேன். கைய நெஞ்சுக்குக் கீழ வெச்சு கவுந்து படுத்துக்கிட்டான். காய்ச்சல்ல கெடக்குறவனுக்கு எங்கேருந்துதான் அந்தப் பலம் வந்துச்சோ. கட்டுன கைதான் அவுக்கணுங்கிறான். வேற கை பட்டா ஆத்தா சும்மா விடாதுன்னு வைத்தியரு சொல்லியிருக்காருங்கிறான். நாப்பது நாளு முடிஞ்சிருச்சு, இன்னும் எட்டு நாளுதான், பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்துருவேங்கிறான். அடேய், அந்த லேகியத்தக் கிண்டுனவளே நான்தான்டா, நானே சொல்றேன் கொய்னாவ முழுங்குன்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? நீங்க கிண்டுறவங்கக்கா, அவருதான் வைத்தியருங்கிறான். எப்படி இருக்கு? பொகையில கண்ணு அவிஞ்சு போறது நானு, வைத்தியரு நீயி!

சிரிக்காத. பத்திக்கிட்டு வருது எனக்கு.

என்ன? நெல்லி பெரிய மருந்தா? அத எனக்கே சொல்லித் தர்றியா? இருவத்தஞ்சு வருசமா நெல்லிக்காய அவிச்சிக்கிட்டு இருக்கேன் நானு. மலாய்க்காரங்க இருக்குற கம்பத்துலேருந்து ஒரு அம்மா கூடையில கொண்டாந்து குடுக்கும், அவங்க அத மெலாக்கா மரம்பாங்க. அது வராத மாசம் நாகப்பட்டணம் கப்பல்ல வர்ற நெல்லிவத்தல ஊற வெச்சு அரைப்பேன். கொட்டைய எடுத்து, நாரு போகத் துணியில வடிச்சு, வெல்லப் பாகுல போட்டு, திப்பிலி சுக்கு ஏலக்கா இடிச்சுத் தூவி, நெய்யும் தேனும் விட்டு, சட்டியில ஒட்டாம சுருண்டு வர்ற வரைக்கும் கிண்டுனா தோள்பட்ட கழண்டு கையில வந்துரும். அது என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு எனக்குத் தெரியாதா?

அரிசியும் கருவாடுமே தின்னு பல்லு ஈறுல ரத்தம் வடிஞ்சிக்கிட்டு இருந்த ஆளுங்கள எஸ்டேட்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். பச்ச நெல்லிய உப்புத் தொட்டு பத்து நாளு கடிக்கச் சொன்னா நின்னு போவும். வாய்ப்புண்ணு ஆறும். மூலச்சூடு தணியும். புள்ள பெத்து வெளுத்துப் போனவ மொகத்துல ரத்தம் ஊறும். எண்ணெயில காச்சித் தலைக்கு வெச்சா கண்ணு குளுந்து போவும். ஒழைச்சு ஒழைச்சு ஓடாப் போன ஒடம்பு, சோத்தப் பாத்தாலே கொமட்டுதுங்கிற ஒடம்பு, படுத்தாத் தூக்கம் வராத ஒடம்பு, அதுக்கெல்லாம் காலையில ஒரு உருண்ட. ஒரு மாசத்துல நிமுந்து நிக்கும். காய்ச்சல்லேருந்து எந்திரிச்சவனுக்கு அத மாதிரி ஒண்ணு கெடையவே கெடையாது. எந்திரிச்சவனுக்கு. காதுல விழுந்துச்சா? காய்ச்சல வெரட்டுறது அதோட வேல இல்ல. ஒரு சட்டி லேகியத்த ஒரே நாளுல வழிச்சுத் தின்னாலும் மொறக்காய்ச்சலு ஒரு அடி நகராது. வயித்தாலதான் போவும்.

ஆனா நீ என்ன சொல்லி விக்கிற? அந்த அம்மாகிட்ட இப்ப என்ன சொல்லிக்கிட்டு இருந்த? நான் தூணுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். காய்ச்சலு, காமால, இழுப்பு, புள்ளையில்லாக் கொற. பந்திங் பக்கம் பாம்புக்கடிக்கும் குடுத்தியாமே? ஏய்யா, பாம்புக்கு மனசாட்சி இருந்தா அதுவே வந்து உன்னக் கேக்கும்.

அத விடு. கொய்னாவும் நெல்லியும் ஒரு வயித்துல சேராது, தொட்டா லேகியம் முறிஞ்சிரும்னு சொல்ற பாரு, அது யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு? எல்லாருந்தான் சொல்றாங்களா? யாரு அந்த எல்லாரு? பந்திங் ரோட்டு எஸ்டேட்டு லயத்து வீடுங்கள்ல பழைய ஆளுங்க சொன்னாங்களா. ம். அந்தக் காப்புக் கட்டுறதும் அங்க பாத்ததுதானா. ம். சரி.

தண்ணி குடிச்சிக்கிறேன், இரு.

வாயத் தொற. தொறங்கிறேன்ல. விஷமில்லய்யா, கொய்னா. டிரெசருகிட்டக் கேட்டு வாங்கி முந்தானையில முடிஞ்சு வந்தேன். முழுங்க வேணாம், ஒரு துணுக்க நாக்குல வெச்சுக்க. ம்… துப்பு, துப்பு. கசக்குதா? மூஞ்சி எப்படிக் கோணுது பாரு! ஒரு துணுக்குக்கே இந்தப் பாடு. இப்ப இதக் கடி. பச்ச நெல்லிதான், இதையும் முந்தானையிலதான் முடிஞ்சு வந்தேன். நல்லா மென்னு, சாற முழுங்கு. இப்ப இந்தத் தண்ணியக் குடி. என்ன தெரியுது? வாயத் தொறந்து சொல்லு. இனிக்குதுல்ல? வெறுந் தண்ணி இனிக்குதுல்ல?

அதான். அவ்வளவுதான் விசயமே. ஆளாளுக்குக் கொய்னாவத் துப்புறது பத்தியத்துக்குப் பயந்து மட்டுமில்ல, அந்தக் கசப்புக்குப் பயந்து. கொய்னாவ முழுங்குனதும் ஒரு நெல்லி, ஒரு முழுங்கு தண்ணி. ரெண்டும் ஒரே வயித்துல சண்ட சச்சரவு இல்லாம இருக்கும். காய்ச்சல அது பாத்துக்கும், ஒடம்ப இது பாத்துக்கும். கையில கூடை கூடையா நெல்லிய வெச்சிக்கிட்டு இது தோணாமப் போச்சு பாரு அந்தக் காலத்துல. சரி, அது கெடக்கு.

என்ன, பேரு கெட்டுப் போவுமா? யாரு பேரு? உன் பேரா? நாப்பது நாளுல காப்ப அவுத்தா ஊருல உன்ன மதிக்க மாட்டாங்களா? நாசமாப் போக உன் மதிப்பு! அங்க ஒருத்தி காய்ச்ச நாளு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா, உனக்கு மதிப்பு கேக்குதா?

நாளைக்கெல்லாம் முடியாது. நாளைக்கு அவனுக்குக் குளிரு வர்ற நாளு. அதுக்கு முந்தி வயித்துல மாத்திர எறங்கியிருக்கணும், இன்னிக்குப் பொழுதோட எறங்கணும்னு டிரெசரு சொல்லியிருக்காரு. கடுதாசியா? அவனுக்கு எழுத்துத் தெரியாது, தெரிஞ்சாலும் கடுதாசி வந்து கயித்த அவுக்குமா? உன் கை வேணும் சின்னையா. உன் வாய்கூட அப்புறந்தான்.

அங்க வந்து என்ன சொல்றதா? அடப்பாவி, பொய் சொல்ல உனக்கு நான் சொல்லித் தரணுமா? பாம்புக்கடிக்கு லேகியம் வித்த வாயி அது. கண்ண மூடு, மொணமொணன்னு சொல்லு, ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு சொல்லு. மண்டலம் நாப்பதுலயே நெறஞ்சு போச்சுன்னு சொல்லு. இனிமே கொய்னா முழுங்குனாத்தான் லேகியம் ஒடம்புல ஒட்டும்னு சொல்லு. நீ இது வரைக்கும் சொன்ன பொய்யிலேயே ஒருத்தனப் பொழைக்க வெக்கிற பொய்யி இதுதான், நல்லா அழுத்திச் சொல்லு. அவன் முழுங்குற வரைக்கும் பக்கத்துலேயே நிக்கணும். முழுங்குனதும் வாயத் தொறந்து காட்டச் சொல்லணும், நாக்கத் தூக்கி, கன்னத்த இழுத்து. அதுல ஏமாந்துராத. ஒதுக்கத் தெரிஞ்சவன் எங்க ஒதுக்குவான்னு எனக்குத் தெரியும், நான் காட்டுறேன்.

வரலேன்னா? வரலேன்னா ஒரு டப்பா உனக்குக் கெடையாது, இன்னிக்கு இல்ல என்னிக்கும். இதே பாசாருல நான் ஒரு மணிய வாங்கி, நீ கத்துறதுக்கு எதுத்தாப்புல நின்னு கத்துவேன். என் தொண்ட உன் தொண்டையவிடப் பெருசு. வேணும்னா இப்பவே பாக்குறியா?

ம், அப்படி வா. பெட்டியக் கட்டு. எல்லாத்தையும் அந்த மாமாக் கடையில குடுத்துட்டு வா, சலாவுதீன் மாமா பாத்துக்குவாரு. ஏன் மாமா, பாத்துக்குவீங்கல்ல? சாயங்காலம் வந்து எடுத்துக்குவாரு. இல்லேன்னா நாளைக்கு.

இங்க பாரு, இன்னொண்ணு. இது மாதிரி எத்தன கையில கட்டியிருக்க? பொய் சொல்லாத, விரல விட்டு எண்ணு. பண்டமாரான்ல மூணு… பந்திங்ல… அது யாரு, மாரியாயி மகளா? அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குமா? ஐயோ, நீ வெளங்குவியா? ஒம்போது கை. ஒம்போது கையில கட்டிட்டு இங்க வந்து மணி அடிச்சிக்கிட்டு நிக்கிற. இன்னிக்கு அய்யாவு. நாளைக்கு மொத வண்டிக்கு நான் இங்க வந்துருவேன். ரெண்டு பேருமா ஒவ்வொரு வீடாப் போறோம், ஒவ்வொரு கயிறா அவுக்குறோம், ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு நெல்லியக் குடுத்துட்டு வர்றோம். அதுக்கப்புறம் நீ லேகியம் வித்துக்க. மொதல்ல கொய்னா, அப்புறம் நெல்லின்னு கத்தி வித்துக்க. யாரு வேணாங்கிறா.

வேகமா நட. செருப்புக் கழண்டா கையில எடுத்துக்க. டேசன்ல மணி அடிச்சிட்டான். இந்தப் பக்கம், இந்தப் பக்கம் வா, கூட்டத்துக்குள்ள போகாத.

என்ன கேட்ட? கொய்னாவும் நெல்லியும் சேராதுங்கிற பேச்ச மொதல்ல யாரு சொன்னதுன்னா? இவ்வளவு தூரம் வந்தப்புறம் கேக்குற. நான்தான்.

அட, நான்தான்யா. பந்திங் ரோட்டு எஸ்டேட்டுல, தொள்ளாயிரத்துப் பன்னெண்டாம் வருசம். காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு ஆளெல்லாம் வரிசையா நின்னா, டிரெசரு ஒருத்தன் கொய்னாத் தண்ணிய வாயில ஊத்திக்கிட்டே வருவான். முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணும். ஒருநாளு என் லேகியச் சட்டியப் பாத்துட்டு, அத்தன பேரு முன்னாலயும் அதுல காறித் துப்பி, இத நாயிக்கு வையின்னான். எனக்கு வந்துச்சு பாரு ரோசம். அன்னிக்குச் சாயங்காலமே லயத்து முன்னால நின்னு சொன்னேன், என் லேகியந் தின்னுறவங்க யாரும் அவன் கொய்னாவத் தொடக்கூடாது, ரெண்டும் ஒரு வயித்துல சேராது, தொட்டா முறிஞ்சிரும்னு. வாய்க்கு வந்ததச் சொன்னேன். சொன்னது நெசம்னு காட்டணும்ல, மஞ்சக் கயித்த எடுத்து எம் புருசன் கையில கட்டுனேன். கன்னத்துல ஒதுக்கி வெச்சு எப்படித் துப்பறதுன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். மறுவாரம் லயத்துல பாதிப் பேரு கையில கயிறு.

நாப்பத்தி ரெண்டாம் நாளு காய்ச்சல்ல கெடந்துக்கிட்டு, வீரம்மா, இத அவுத்துரு, அந்தத் தண்ணிய ஒரு வாயி குடிச்சுப் பாக்குறேன்னாரு. இன்னும் ஆறே நாளுதான், பல்லக் கடிச்சிக்கங்கன்னேன்.

மறுநாளு அவுத்தேன். கட்டுன கைதானே அவுக்கணும், வேற யாரும் தொட வரல. அவரு கை சில்லுன்னு இருந்துச்சு.

வண்டி வந்துருச்சு. டிக்கெட்டு எடுக்க ஓடாத, உனக்கும் சேத்துக் காலையிலேயே எடுத்துட்டேன். ஏறு.